அணைந்த திரையில் உட்கார்ந்திருப்பவர்

ஏப்ரல் 4

முதலாளி அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்; கடை திறந்திருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் வராது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். எழுத்தில் சண்டை போட உங்களுக்குப் பொறுமை கிடையாது, எனக்கு நேரம் கிடையாது.

இரண்டு விஷயம். முதலாவது, என் மானிட்டர் போய்விட்டது. திரை நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. பதிப்பகத்தில் இப்போது புரூஃப் முழுவதையும் திரையிலேயே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். தினமும் எட்டு மணி நேரம் பாடப்புத்தகப் பக்கங்கள். சாயங்காலமானால் கண் எரிகிறது. ஊருக்கெல்லாம் மானிட்டர் விற்கிற மனுஷனின் பெண்டாட்டி பக்கத்துத் தெருக் கடையில் போய் நின்றால் உங்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல். எது வாங்கலாம், சொல்லுங்கள்.

இரண்டாவது, வீட்டு ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது. நீட்டிக்கவா, காலி பண்ணவா என்று ஓனரம்மா கேட்கிறார். "ரெண்டே மாசம், கடையை மேனேஜர் கையில குடுத்துட்டு வந்துடறேன்" என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இந்த ஊரில் இவ்வளவு பெரிய வீட்டை எடுத்தேன். உங்களுக்கென்று ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கிப் போட்டேன். மூன்று வருஷம் ஆகிறது. அதில் நீங்கள் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. வருவதானால் வீட்டை வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எனக்கு ஒற்றை அறை போதும். அதற்குப் பிறகு வந்து இடம் கேட்காதீர்கள்.

முதல் விஷயத்துக்கு நாலு பக்கம் எழுதுவீர்கள், இரண்டாவதற்கு ஒரு வரி. பார்க்கலாம்.

உங்கள் மனைவி

---

ஏப்ரல் 9

என் அருமைப் பிழைதிருத்தக்காரிக்கு,

முதலில் வியாபாரம். கடையில் நிற்கிறவனிடம் எது நல்லது என்று கேட்கவே கேட்காதே. அவனிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் நல்லது என்பான். நானும் பல வருஷம் அப்படித்தான் விற்றேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கடை வெளிச்சத்தில், பிரகாசத்தை முழுசாக ஏற்றி வைத்தால் எல்லா மானிட்டரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். வீட்டுக்குப் போன பிறகுதான் குணம் தெரியும்.

உனக்கு இருபத்தேழு இன்ச் போதும். அதைவிடப் பெரிசு என்றால் பக்கம் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். ஆனால் அளவை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. இருபத்துநாலில் இருந்த அதே எண்ணிக்கைப் புள்ளிகளை இருபத்தேழில் பரப்பி விற்கிறார்கள். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். ஒற்றுப்புள்ளி விட்டுப்போனால் உனக்குத் தூக்கம் போய்விடும். அதனால் 4கே. வளைந்த திரை, நொடிக்கு நூற்று நாற்பத்துநாலு தடவை புதுப்பிக்கிற திரை எல்லாம் சுட்டுத்தள்ளுகிற விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு. உன் பாடப்புத்தகம் எங்கேயும் ஓடப்போவதில்லை. ஸ்டாண்டு ஏறி இறங்க வேண்டும், திரையை நெட்டுக்குத்தாகத் திருப்ப முடிய வேண்டும். முழுப் பக்கமும் ஒரே பார்வையில் வரும்.

ஜனங்கள் ஏமாறுவது மேற்பரப்பில்தான். பளபளப்புத் திரையில் எழுத்து மை காயாத மாதிரி கூராக இருக்கும். ஆனால் அறை முழுவதும் அதில் தெரியும். மேட் திரையில் எதுவும் தெரியாது; ஆனால் எழுத்தின்மேல் லேசாக மாவு தூவினாற்போல் இருக்கும். எது உனக்கு ஒத்துவரும் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. என் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. இரண்டையும் வேனில் அனுப்புகிறேன். உன் மேஜையில், உன் வெளிச்சத்தில் பக்கம்பக்கமாக வைத்துப் பார். வெயில் சாய்கிற மூன்று மணிக்கு இரண்டையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா அதையே பார்த்துக்கொண்டிரு. எரியும்போது எல்லாத் திரையும் அழகுதான். அணைத்தால் கண்ணில் என்ன படுகிறதோ, அதோடுதான் நீ நாள் முழுக்க மல்லுக்கட்டப் போகிறாய்.

இரண்டாவது விஷயம். பள்ளிக்கூடங்களுக்கு இருநூற்றைம்பது மானிட்டர் ஆர்டர் கையில் இருக்கிறது. ஜூன் நடுவில் முடிந்துவிடும். முடிந்த கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். எண்ணிப் பார், ஒரு வரிக்கு மேலேயே இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்

---

ஏப்ரல் 17

முதலாளி அவர்களுக்கு,

வேன் வந்தது. இரண்டும் மேஜையில் நிற்கின்றன. மேஜை சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. இடது பக்கம் ஜன்னல். எனக்குப் பின்னால் மூன்று எட்டில் உங்கள் சாய்வு நாற்காலி. நீங்கள் மறந்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நான்கு நாள் வேலை செய்து பார்த்தேன். மேட் திரையில் எழுத்து ஈரத்தாளில் அச்சிட்ட மாதிரி இருக்கிறது, கண்ணுக்கு இதம். பளபளப்பில் கூர் அதிகம். நான் ஏற்கெனவே சரி போட்டு அனுப்பிய ஏழாம் வகுப்பு அறிவியலில் மூன்று ஒற்றுப்புள்ளி காணவில்லை என்பது இதில்தான் தெரிந்தது. மானம் போயிற்று.

நேற்று மூன்று மணிக்கு அணைத்துப் பார்த்தேன். மேட்டில் ஒரு சாம்பல் பூச்சு, அவ்வளவுதான். பளபளப்பில் எல்லாமே இருந்தது: ஜன்னல், புத்தக அலமாரி, மூக்குக்கண்ணாடியோடு நான். பின்னால் நாற்காலி. நாற்காலியில் ஒருவர்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தேன், இருந்தார். ஒரு காலை நீட்டிக்கொண்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் ஜன்னல் வெளிச்சத்தில் கரைந்துவிட்டது.

உங்களுக்கு முட்டிவலி இன்னும் இருக்கிறதா?

வீட்டுக்காரன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு வீட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவி

---

ஏப்ரல் 22

என் அருமைப் பிழைதிருத்தக்காரிக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். மேனேஜர் என்னண்ணே என்றார். வீட்டில் ஆள் புகுந்துவிட்டதாம், நல்லவேளை மானிட்டருக்குள்ளே என்றேன்.

இது எனக்குப் புதுசில்லை. பளபளப்புத் திரையில் முன்னால் ஒரு கண்ணாடி, உள்ளே பேனல். இரண்டும் தனித்தனியாகப் பிரதிபலிக்கும். ஒரே ஆள் கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை மங்கலாகத் தெரிவார். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் வேறு யாருமில்லை, நீதான். ஒரு தையல்காரர் இப்படித்தான் வாங்கிய பத்தாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். "நாள் பூரா என் மூஞ்சியையே பாக்க என்னால முடியல, அதுவும் ரெண்டு மூஞ்சி" என்றார். மேட் கொடுத்தேன், இன்றுவரை நிம்மதியாக இருக்கிறார்.

சந்தேகமாக இருந்தால் இரண்டு காரியம் செய். அணைத்த திரை முன்னால் உட்கார்ந்து வலது கையைத் தூக்கு. பின்னால் இருக்கிறவரும் தூக்கினால் கதை முடிந்தது. அடுத்து, நாற்காலிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் பார். பார்த்துவிட்டு, பளபளப்பைத் திருப்பி அனுப்பிவிடு. மேட்டை வைத்துக்கொள். ஒற்றுப்புள்ளிக்கு எழுத்தளவைப் பத்து சதவீதம் கூட்டினால் போதும்.

முட்டிவலி இருக்கிறது. குடோன் மாடிப்படி விடுவதாக இல்லை. கேட்டதற்குச் சந்தோஷம்.

வீட்டில் இல்லாத வீட்டுக்காரன்

---

மே 2

முதலாளி அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். கையைத் தூக்கினேன். நான் மட்டும்தான் தூக்கினேன்.

போர்வையைப் போட்டேன். அறையில் அது நாற்காலியில் தட்டையாகத்தான் கிடந்தது. கையால் தடவியும் பார்த்தேன். திரையில் அது இரண்டு முழங்கால்மேல் விழுந்து மேடு தட்டியிருந்தது. அவர் அதை நிதானமாக எடுத்து நாலாக மடித்துக் கைப்பிடியில் போட்டார். நான் திரும்பியபோது இங்கே போர்வை விரித்தது விரித்தபடி இருந்தது.

அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்ததால் ஜன்னல் வெளிச்சம் தடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். நீங்கள்தான். நான் கடைசியாகப் பார்த்ததைவிட முன்முடி குறைந்திருக்கிறது. இடதுகைக் கட்டைவிரலில் கட்டு. கண்ணாடியில் இடம்வலம் மாறும் என்பதையும் யோசித்துவிட்டுத்தான் இடதுகை என்கிறேன். துணியைச் சுற்றி அதன்மேல் வயருக்கு ஒட்டுகிற கறுப்பு டேப் சுற்றியிருந்தது. காயத்துக்கு வயர் டேப் ஒட்டுகிற மனுஷன் உலகத்தில் ஒருவர்தான். இது புதன்கிழமை, ஏப்ரல் முப்பது, மூன்று மணி.

ஒரே ஒரு நாள் வாருங்கள். இந்த நாற்காலியில் வந்து உட்காருங்கள். ஆர்டர் ஒரு நாள் காத்திருக்காதா?

பயமாக இருக்கிறது. அவர் இருப்பதால் அல்ல. இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் எப்போது திரையை அணைப்போம் என்று எனக்கு அவசரம் வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் மனைவி

---

மே 8

என் அருமைப் பிழைதிருத்தக்காரிக்கு,

கட்டைவிரல் உண்மை. அதே புதன்கிழமை, இரண்டு மணி இருக்கும். குடோனில் உடைந்த பேனல் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது கிழித்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. கைக்குக் கிடைத்த துணியையும் டேப்பையும் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். மேனேஜருக்கே மறுநாள்தான் தெரியும். உன் கடிதத்தில் அந்த இடத்தை நாலு தடவை படித்தேன்.

விளங்காததை விளங்கவில்லை என்று ஓரமாக வைக்கத் தெரியாவிட்டால் கடை நடத்த முடியாது. வைத்துவிட்டேன். முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவர்களுக்கு ஒருத்தர் வலி இன்னொருத்தருக்குத் தெரிவது பெரிய அதிசயமா என்ன?

வரத்தான் நினைத்தேன். ஆனால் பள்ளிக்கூடக்காரர்கள் ஜூன் பத்துக்குள் எல்லாம் வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இருநூற்றைம்பதையும் ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். இன்னும் ஒரு மாசம். அதுவரை அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்றால் இருக்கட்டுமே! சாப்பாடு கேட்கிறாரா, சத்தம் போடுகிறாரா?

நான் வெளியூர் போகும்போது கல்லாவில் ஆளை உட்காரவைக்க என்ன செய்வேன், உனக்குத் தெரியும். லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிட்டுப் போவேன். அதையே இங்கேயும் செய்துவிடுகிறேன்:

"இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது: சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நம் ஆள்தான். நான் வரும்வரை என் இடத்தில் இருந்து, என் சார்பாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள இவருக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்."

கையெழுத்தும் போட்டுக் கடை சீலும் குத்தியிருக்கிறேன். சிரித்துவிடு. திங்கட்கிழமை வேன் அந்தப் பக்கம் வருகிறது, பளபளப்பை டிரைவரிடம் கொடுத்துவிடு.

உன் வீட்டுக்காரன் (சீல் வைத்தது)

---

மே 13

முதலாளி அவர்களுக்கு,

எதையும் வாய்விட்டுப் படிப்பதுதான் எனக்குப் பழக்கம். கண் தாவினாலும் வாய் தாவாது. எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. மேஜையில் உட்கார்ந்து அதையும் அப்படியே படித்தேன். முழு அதிகாரம் அளிக்கிறேன், முற்றுப்புள்ளி. கையெழுத்து. கடை முத்திரை.

திரை அணைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அதில் நாற்காலி காலி. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே, போய்விட்டாரே என்றும் இருந்தது. அப்போதுதான் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

திரும்பினேன். உட்கார்ந்திருந்தார். நாற்காலி அவர் எடைக்கு அமுங்கியிருந்தது. "டீ போடறியா? எனக்கும் சேத்துப் போடு" என்றார். உங்கள் குரல்தான். ஆனால் அவசரம் இல்லை. அந்தக் குரலில் அவசரம் இல்லாமல் நான் கேட்டதே இல்லை, அதனால் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை.

நான் கத்தவில்லை. சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு டீ போட்டேன். இரண்டு டம்ளர்.

திங்கட்கிழமை டிரைவர் வந்தார். பளபளப்பைப் பெட்டியில் போட்டு, வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது இவர்தான். டிரைவர், "அண்ணே, நீங்க எப்ப வந்தீங்க? சொல்லியிருந்தா வேன்லயே வந்திருக்கலாமே" என்றார். இவர் சிரித்தார்.

மேட்டை வைத்துக்கொள்கிறேன். இனி எனக்கு எதுவும் திரையில் தெரிய வேண்டாம்.

நீங்கள் அங்கே இருக்கிறீர்களா? போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இருந்தால் உடனே எழுதுங்கள். இவர் பக்கத்தில்தான் இருக்கிறார், பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மனைவி

---

மே 19

அம்மா தாயே,

நான் இங்கேதான் இருக்கிறேன். கடையில், என் ஸ்டூலில், உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் போட்டேன், நீ ஹலோ ஹலோ என்றுவிட்டு வைத்துவிட்டாய். அந்த ஆள் நான் இல்லை.

டிரைவர் திரும்பி வந்து என்னைத் தாண்டிப்போய் மேனேஜரிடம், "அண்ணன் அண்ணி வீட்லதான் இருக்காரு, நல்லா தேறிட்டாரு" என்றார். நான் ரெண்டடி தள்ளி நிற்கிறேன். டேய் என்றேன். காதில் வண்டுபோன மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, இங்க எப்ப வந்தீங்க?" என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. கடையின் பின்சுவரில் நாற்பது மானிட்டர் மாட்டியிருக்கிறேன், வரிசைக்கு எட்டு. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கி, மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், அணைந்த திரைகளில் நாற்பது நான் நிற்பேன். மேட்டில் நிழலாக, பளபளப்பில் முகமாக. மூன்றாவது வரிசைப் பளபளப்பில்தான் தலை வாருவேன். டிரைவர் அங்கே வந்த திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினேன். நாற்பதிலும் ரோடு தெரிந்தது. போகிற சைக்கிள் தெரிந்தது. திறந்த ஷட்டர் தெரிந்தது. நான் இல்லை. கையை ஆட்டினேன், குதித்தேன், திரைமேல் மூக்கை வைத்துப் பார்த்தேன். மூச்சுப் படிகிற இடத்தில் பனிகூடப் படியவில்லை.

மேனேஜர் என்னைக் கேட்காமலேயே சரக்கு எடுக்கிறார். ஏன்யா என்றால், "நீங்கதானே அண்ணே சொன்னீங்க, இனி அந்த ஊர்லதான், கடை என் பொறுப்புன்னு" என்கிறார். எப்போது சொன்னேன் என்றேன். சனிக்கிழமை போனில் சொன்னேனாம். வாடிக்கையாளர்கள் என் தோளுக்கு மேலே பார்த்துப் பேசுகிறார்கள்.

நான் கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்கிறேன். வாய்விட்டுப் படி: "மே எட்டாம் தேதிக் கடிதத்தில் கொடுத்த அதிகாரம் இன்றோடு ரத்து. அந்த இடம் என்னுடையது." சீல் குத்தினேன், மை விழவில்லை. மூன்று தடவை குத்திவிட்டேன். கையெழுத்து போதும், கையெழுத்தைப் பார்த்துப் படி.

ஆர்டர் போனால் போகட்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உன் வாசலில் நிற்பேன், இது என்மேல் ஆணை. ஓனரம்மாவிடம் வீட்டை நீட்டிக்கச் சொல். அந்த ஆளிடம் பேச்சுக் கொடுக்காதே. டீ கொடுக்காதே.

நான் முட்டாள். ஒரு மாசம், ரெண்டு மாசம் என்று சொல்லிச் சொல்லி உன்னைக் காக்கவைத்தது தப்பு. வந்து நேரில் சொல்கிறேன்.

உன் புருஷன்

---

மே 26

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. படிக்க உட்கார்ந்தேன். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, ரத்து என்று நீங்கள் எழுதிய இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். மிச்சத்தைக் கண்ணாலேயே படித்தேன். என் தொழிலில் நான் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

கோபத்தில் செய்யவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். இதில் பாதியை மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் மாட்டு வண்டி பிடித்தாவது நானே அங்கே வந்திருப்பேன்.

பதினாறு நாளாக ஒருவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பாடத்தில் இருக்கிறேன் என்று கேட்கிறார். சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறார். போன் அடித்தால் எழுந்து ஓடுவதில்லை. நேற்று ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் ஒரு வருஷம் தப்பாக இருப்பதை அவர்தான் சொன்னார். அவர் யார் என்று ஒவ்வொரு நாளும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவரும் நீங்கள்தான். வந்த நீங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஓனரம்மா வந்தார். ஒப்பந்தத்தை நீட்டித்தாகிவிட்டது. எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதி, நாற்காலிக்காரரே கையெழுத்துப் போட்டார். உங்கள் கையெழுத்தேதான், கடைசிக் கோட்டை மேலே இழுக்கிறது உட்பட.

மதியம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒன்று. நீங்கள் தட்டுகிற விதம் எனக்குத் தெரியாதா? போய்த் திறந்தேன். வாசலில் யாரும் தெரியவில்லை. மிதியடி மட்டும் இரண்டு பாதம் நிற்கிற அளவுக்கு அமுங்கியிருந்தது. வலது பக்கம் கொஞ்சம் அதிகமாக; முட்டிவலிக்காரர் எடையை மாற்றி நிற்கிற மாதிரி.

"யாரு?" என்று உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"யாரும் இல்லீங்க" என்றேன்.

சொன்ன பிறகும் நான் கதவைச் சாத்தவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிதியடி அமுங்கியபடியே இருந்தது, நானும் நின்றுகொண்டே இருந்தேன். ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். சொல்லியும் இருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை. காற்று வருகிறதே என்று அவர் சொன்ன பிறகுதான் சாத்தினேன்.

உங்கள் மனைவி